ஒரே முறிவு, ஐந்து கெடு: தென்னாப்பிரிக்காவில் எந்த வழக்குக்கு எத்தனை நாள்?

கால் எலும்பு முறிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ரேயில் எல்லா முறிவும் ஒன்றுபோலத்தான் தெரியும். நஷ்டஈடு கேட்க இருக்கும் காலம் மட்டும் விழுந்த இடத்துக்கு இடம் மாறும். தனியார் கடையின் ஈரத் தரையில் வழுக்கியிருந்தால் 3 ஆண்டு. நகராட்சி மூடாமல் விட்ட குழியில் விழுந்திருந்தால் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் போயிருக்க வேண்டும். கார் மோதி, அது யாருடையது என்று தெரிந்திருந்தால் சாலை விபத்து நிதியம் என்ற அரசு அமைப்பிடம் மனுக் கொடுக்க 3 ஆண்டு. மோதியவன் நிற்காமல் பறந்துவிட்டால் 2 ஆண்டு. வேலை நேரத்தில் தொழிற்சாலையில் விழுந்திருந்தால் 12 மாதம். அங்கே முதலாளி மேல் வழக்கே போட முடியாது, தொழிலாளர் நஷ்டஈட்டு நிதியிடம்தான் கேட்க வேண்டும்.

நம் ஆட்கள் வக்கீலிடம் போனால் முதலில் கேட்பது, "கேஸ் நிக்குமா?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. எதிராளி யார்? அந்த எதிராளிக்கான கெடு எது? டர்பனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். நியாயம் இல்லாமல் வந்து தோற்றவர்களைவிட, நியாயத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசிப் பேசியே நாளைக் கடத்தியவர்கள்தான் எனக்கு அதிகம் நினைவுக்கு வருகிறார்கள். நான் வக்கீல் இல்லை. இங்கே எழுதுவது எந்த வழி யாருக்குப் பொருந்தும் என்று எடைபோட்டுப் பார்ப்பதற்காக; உங்கள் விவகாரத்தின் தேதிகளை வக்கீல்தான் கணக்கிட வேண்டும்.

இந்த நாட்டின் அடிப்படைக் கணக்கு 1969-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டத்தில் இருக்கிறது. வீட்டுக்கடன், நீதிமன்றத் தீர்ப்பின்படி வர வேண்டிய பணம், வரிபாக்கி ஆகியவற்றுக்கு 30 ஆண்டு. அரசு கொடுத்த கடனுக்கு 15. புரோநோட்டுக்கும் நோட்டரி முன் எழுதிய ஒப்பந்தத்துக்கும் 6. மற்ற எல்லாவற்றுக்கும் 3: கைமாற்று, வாடகை பாக்கி, சம்பள பாக்கி, விபத்து நஷ்டஈடு, அவதூறு. வாடகையில் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் தனித்தனியாக 3 ஆண்டு ஓடும் என்பதை வீட்டுக்காரர்கள் மறந்துவிடுகிறார்கள். நகராட்சி பில்லில்கூட ஒரே தாளில் இரண்டு கெடு இருக்கிறது. சொத்துவரி வரி என்பதால் 30, தண்ணீரும் மின்சாரமும் 3.

சொந்தக்காரருக்குக் கொடுத்த பணம்

நம் குடும்பங்களில் அதிகம் நடப்பது இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர். கணவரின் தம்பி பேக்கரி திறக்க 60,000 ராண்ட் கொடுத்திருந்தார். ஆதாரம் என்று அவர் கொண்டுவந்தது, பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்து நாலாக மடித்த தாள். தொகை இருந்தது, கையெழுத்து இருந்தது. எப்போது திருப்பித் தர வேண்டும் என்று ஒரு சொல் இல்லை. "கேக்கும்போது குடுத்துருன்னு வாயால சொன்னேன் தம்பி. புரட்டாசி முடியட்டும்பான், அப்புறம் கிறிஸ்துமஸ் யாவாரம் முடியட்டும்பான். வீட்டுக்குள்ள கேஸ் போட்டா கோயில்ல நாலு பேர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

அவர் நினைத்தது, நான் கேட்ட நாளிலிருந்துதானே கணக்கு என்று. நியாயமான நினைப்புதான், சட்டம் அப்படி இல்லை. கேட்கும்போது திருப்பித் தர வேண்டிய கடனுக்கு, வேறு ஏற்பாடு தெளிவாக எழுதப்படாவிட்டால், பணம் கை மாறிய நாளிலேயே 3 ஆண்டு ஓடத் தொடங்கிவிடும். டிரினிட்டி என்ற நிறுவனம் கிரைண்ட்ஸ்டோன் என்ற நிறுவனத்துக்கு 30 லட்சம் ராண்டுக்கு மேல் கொடுத்த கடன் வழக்கில் அரசியலமைப்பு நீதிமன்றம் 2017-இல் பெரும்பான்மைத் தீர்ப்பாகச் சொன்னது இதைத்தான். அங்கே ஒப்பந்தத்தில் "கேட்டு 30 நாளுக்குள்" என்றுகூட எழுதியிருந்தார்கள். அதுவும் காப்பாற்றவில்லை. வக்கீல் வைத்து எழுதிய ஒப்பந்தத்துக்கே இந்த கதி.

சரி, இப்படிப்பட்டவர் முன்னால் இருக்கும் வழிகள் என்ன?

பேசிக்கொண்டே இருப்பது முதல் வழி. செலவில்லை, உறவும் கெடாது. ஆனால் பேச்சுவார்த்தை நடக்கிறது என்பதற்காக நாள் நிற்பதில்லை. நல்ல மனிதர்களிடம் பேசும்போதுதான் ஆபத்து அதிகம். முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்றவன் மேல் நாம் அடுத்த வாரமே வழக்குப் போட்டுவிடுவோம்.

வக்கீல் நோட்டீஸ் இரண்டாவது. ஒரு கடிதத்துக்குப் பெரிய செலவு ஆகாது, எதிராளி பயந்து பணத்தைக் கொண்டுவந்து தருவதும் உண்டு. ஆனால் நோட்டீஸ் அனுப்பினால் கெடு நின்றுவிடும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். நிற்காது.

மூன்றாவது, கடன் ஒப்புகை எழுதி வாங்குவது. நான் எப்போதும் இதைத்தான் முதலில் சொல்வேன். கடன்பட்டவர் தன் பொறுப்பை ஒப்புக்கொண்ட நாளில் பழைய கணக்கு அழிந்து, புதிதாக 3 ஆண்டு ஓடத் தொடங்கும். திருப்பித் தரும் தேதியைத் தள்ளிவைத்து இருவரும் ஒப்புக்கொண்டால் அந்தப் புதுத் தேதியிலிருந்து ஓடும். "உன்மேல் வழக்குப் போடாமல் இருப்பதற்காகவே இதைக் கேட்கிறேன்" என்று சொல்லி வாங்கலாம், சண்டை இல்லாமல் முடியும். இந்தச் சட்டத்தில் ஒப்புதல் மறைமுகமாக இருந்தாலும் போதும்; ஒரு தவணை கட்டினால் அதுவும் ஒப்புதலாகக் கொள்ளப்படலாம்.

அந்த அக்காவின் போனை வாங்கிப் பார்த்தேன். நிறைய செய்திகள். "பாக்கலாம் அண்ணி", கும்பிடும் கை படம், பிள்ளையார் படம். இவற்றால் ஒரு பயனும் இல்லை. நடுவில் ஒன்று: "அண்ணி, உங்க 60,000 மனசுல இருக்கு. ஜூன்ல இருந்து மாசம் 2,000 போடுறேன்." அந்த ஒரு வரிக்கு மதிப்பு உண்டு. மின்னணுச் செய்திக்கும் 2002-ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தின் மதிப்பு இருக்கிறது. அதைப் படம் பிடித்து வேறொரு இடத்திலும் சேமித்து வைக்கச் சொன்னேன். போனை மாற்றும்போது வழக்கே காணாமல் போன கதைகள் உண்டு.

புதிதாகக் கடன் கொடுக்கப் போகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. வெறும் தாளுக்குப் பதில் முறையாக எழுதிய புரோநோட்டு வாங்கினால் 3 ஆண்டு 6 ஆகிவிடும். செக்கும் இதே வகைதான், ஆனால் இந்த நாட்டு வங்கிகள் 2020 முடிவோடு செக்கை நிறுத்திவிட்டன. வட்டிக்குக் கொடுப்பவர்கள் ஜாக்கிரதை, கடன் கொடுப்பவர்களைக் கட்டுப்படுத்தும் தேசியக் கடன் சட்டம் என்று இன்னொன்று வந்து உட்காரும். அது வேறு கட்டுரை.

ஒப்புகையும் தர மறுத்தால் மிஞ்சுவது சம்மன். தொகை 20,000 ராண்டுக்குள் என்றால் சிறுவழக்கு நீதிமன்றம் போதும். வக்கீல் வைக்கவே அனுமதி இல்லை, அதனால் எதிராளியும் தனியாகத்தான் நிற்பார். அதற்கு மேல் 2 லட்சம் வரை மாவட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 4 லட்சம் வரை மண்டல மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கும் மேல் உயர் நீதிமன்றம். அந்த அக்காவைப் போல 60,000 பாக்கி உள்ளவர், 40,000-ஐ விட்டுக்கொடுத்துச் சிறுவழக்குக்குப் போகலாமா என்று கேட்பதுண்டு. கெடு நெருங்கிவிட்டது, வக்கீலுக்குக் காசில்லை என்றால் போகலாம். இரண்டு மாதம் அவகாசம் இருக்கிறது என்றால் நான் போக மாட்டேன்.

எங்கே போட்டாலும் ஒரு விஷயம். சம்மன் நீதிமன்றத்தில் முத்திரை வாங்கிய நாள் கணக்கில்லை. எதிராளிக்கு அது சேர்ப்பிக்கப்பட்ட நாள்தான் கணக்கு. சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் நீதிமன்ற அலுவலரான ஷெரிஃப் போன நேரத்தில் வீடு பூட்டியிருக்கும், முகவரி மாறியிருக்கும், ஈஸ்டர் விடுமுறை வந்துவிடும். கடைசி வாரத்தில் சம்மன் எடுப்பவர்கள் எல்லாம் ஷெரிஃப் வண்டியின் டயரை நம்பியிருப்பவர்கள்.

இதில் உழைப்புக்குப் பலன் என்னவென்றால், தீர்ப்பு வாங்கிவிட்டால் 3 ஆண்டு 30 ஆண்டாக மாறிவிடும். ஜீவனாம்சத்துக்கும் இது பொருந்தும். ஜீவனாம்ச உத்தரவும் தீர்ப்புக்கடன்தான், பாக்கிக்கு 30 ஆண்டு என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2022-இல் ஆர்க்கஸ் வழக்கில் உறுதி செய்தது. பழைய பாக்கி போச்சு என்று கைகழுவிய தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

போலீஸ் புகாரை ஒரு வழியாகச் சொல்வார்களே என்று கேட்கலாம். சீட்டுப் பணத்தைச் சுருட்டிவிட்டான், மோசடிப் புகார் கொடுத்து எண் வாங்கியாயிற்று, இனி அரசு பார்த்துக்கொள்ளும் என்று 4 ஆண்டு உட்கார்ந்தவர்கள் உண்டு. மோசடிக்கு வழக்குத் தொடர அரசுக்கு 20 ஆண்டு இருக்கிறது. உங்கள் பணத்துக்கு இருப்பது 3 ஆண்டுதான், அதைப் போலீஸ் புகார் நிறுத்தாது. குற்றம் நிரூபணமானால் நீதிபதி இழப்பீடு கொடுக்கச் சொல்லலாம். சொல்லித்தான் ஆக வேண்டும் என்று இல்லை. புகாரும் கொடுங்கள், சம்மனும் எடுங்கள். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் சம்மன்.

ஊர்க் கணக்கு இங்கே செல்லாது

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் ஊர்ப் பழக்கத்தில் பேசுவார்கள். கடனுக்கு அங்கேயும் 3 ஆண்டுதான், 1963-ஆம் ஆண்டுச் சட்டப்படி. ஒற்றுமை பெரும்பாலும் அத்தோடு சரி. அங்கே காலம் கடந்த வழக்கை எதிராளி வாயே திறக்காவிட்டாலும் நீதிபதியே தள்ளுபடி செய்ய வேண்டும். இங்கே நீதிபதி தானாக அதைக் கிளப்பக் கூடாது, எதிராளிதான் சொல்ல வேண்டும். அங்கே ஒப்புகை எழுத்தில், கையெழுத்தோடு, கெடுவுக்குள் இருக்க வேண்டும். இங்கே நடத்தையால் காட்டினாலும் எடுபடலாம். குற்ற வழக்கில் அங்கே தண்டனையின் அளவைப் பார்த்து 6 மாதம், 1 ஆண்டு, 3 ஆண்டு என்று கெடு. 3 ஆண்டுக்கு மேல் சிறை உள்ள குற்றங்களுக்குக் கெடுவே இல்லை. இங்கே பொதுவாக எல்லாவற்றுக்கும் 20.

அப்படியானால் கெடு போன பிறகும் இங்கே ஒரு கை பார்க்கலாமா, எதிராளி கவனிக்காமல் விட்டால் லாபம்தானே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். எதிராளிக்கு வக்கீல் இருந்தால் அவர் முதலில் எழுதும் வரியே அதுதான். எதிராளியின் செலவையும் சேர்த்துக் கட்ட நேரிடும். நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வங்கி, கிரெடிட் கார்டு, துணிக்கடைக் கணக்கு போன்ற கடன்களில் அந்த வாய்ப்பும் அடைபட்டுவிட்டது. தேசியக் கடன் சட்டத்தில் சேர்த்த திருத்தம் 2015 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. காலாவதியான கடனை வசூலிக்கவும் கூடாது, வேறொருவருக்கு விற்கவும் கூடாது. பழைய கடன் என்று சொல்லி யாராவது போனில் மிரட்டினால் கடைசியாகப் பணம் கட்டிய தேதி என்ன, தீர்ப்பு எதுவும் இருக்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். "சும்மா 100 ராண்ட் போடுங்க மாமா, ஃபைலை மூடிடுறேன்" என்ற குரலுக்கு இரங்காதீர்கள். கெடு இன்னும் முடியாமல் இருந்தால் அந்த 100 ராண்ட் 3 ஆண்டை மறுபடியும் முதலிலிருந்து ஓடவைக்கும்.

எதிராளி அரசு என்றால்

போலீஸ் காரணமில்லாமல் பிடித்து அடைத்தது, அரசு மருத்துவமனையில் சிகிச்சை தவறியது, நகராட்சிக் குழி. இவற்றுக்கும் வழக்குப் போட 3 ஆண்டுதான். ஆனால் 2002-ஆம் ஆண்டின் 40-ஆம் எண் சட்டப்படி, நஷ்டஈடு கேட்பவர் 6 மாதத்துக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். நோட்டீஸ் போய் 30 நாள் ஆவதற்குள் சம்மன் அனுப்பவும் கூடாது. அதே சிகிச்சைத் தவறு தனியார் மருத்துவமனையில் நடந்தால் நோட்டீஸும் இல்லை, 6 மாதமும் இல்லை. வசதியுள்ளவர்கள் போகும் இடத்தில் அவகாசம் அதிகம், ஏழைகள் போகும் இடத்தில் குறைவு. எனக்கு இது உறுத்தும் விஷயம்தான்.

முன்பு இதைவிட மோசமாக இருந்தது. ராணுவத்தின் மேல் வழக்குப் போட 6 மாதக் கெடு வைத்திருந்த பழைய விதியை அரசியலமைப்பு நீதிமன்றம் 1996-இல் மொலோமி வழக்கில் செல்லாது என்றது. இப்போதைய சட்டத்தில் 6 மாதம் தவறினாலும் தாமதத்தை மன்னிக்கும்படி நீதிமன்றத்திடம் கேட்கலாம். 3 ஆண்டு முடிந்திருக்கக் கூடாது, தாமதத்துக்கு நல்ல காரணம் வேண்டும், அரசுத் தரப்புக்குப் பெரிய பாதகம் வந்திருக்கக் கூடாது. ஆகவே 7-ஆவது மாதத்தில் விழித்துக்கொண்டவர் வழக்கைக் கைவிட்டுவிட வேண்டியதில்லை. 37-ஆவது மாதத்தில் விழித்துக்கொண்டவருக்குத்தான் கஷ்டம்.

இந்த 3 ஆண்டு எந்த நாளில் தொடங்குகிறது என்பதில்தான் வழக்கின் உயிரே இருக்கிறது. எதிராளி யார், நடந்தது என்ன என்ற இரண்டும் தெரிந்த நாள், அல்லது அக்கறையாக விசாரித்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாள் என்கிறது சட்டம். இரண்டு வழக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் புரியும். 2006-இல் வடக்கு கேப் மாகாணத்தில் லிங்க்ஸ் என்பவர் கட்டைவிரல் மூட்டு விலகி அரசு மருத்துவமனைக்குப் போனார். மாவுக்கட்டு போட்டார்கள், சில நாளில் விரலையே எடுக்க வேண்டியதாயிற்று. கட்டை இறுக்கிப் போட்டதால் வந்த வினையா, வேறு காரணமா என்று அவருக்குச் சொல்ல யாரும் இல்லை. காரணம் தெரிய வழியில்லாதபோது நாள் ஓடாது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2016-இல் அவர் பக்கம் நின்றது. மறு ஆண்டு ம்டோகோன்யா வழக்கு. தன்னைப் பிடித்து அடைத்தது போலீஸ் என்று அவருக்குத் தெரியும், எத்தனை நாள் அடைத்தார்கள் என்றும் தெரியும். அது சட்டத்துக்குப் புறம்பானது, அதற்கு வழக்குப் போடலாம் என்பதுதான் தெரியாது. வக்கீல் ஒருவரிடம் பேசியபோதுதான் தெரிந்தது. நீதிமன்றம் பெரும்பான்மையாக அவருக்கு எதிராகத் தீர்த்தது. நடந்தது தெரியாவிட்டால் சட்டம் காத்திருக்கும். சட்டம் தெரியாவிட்டால் காத்திருக்காது.

அதனால் ஆஸ்பத்திரி விவகாரத்தில் சந்தேகம் வந்த அன்றே சிகிச்சைக் கோப்பின் நகலைக் கேட்டு எழுதிப் போடுங்கள். கேட்ட தேதியே பிறகு உங்களுக்குச் சாட்சி.

சாலை விபத்தில் ஓட்டுநர் மேல் நேரடியாக வழக்குப் போடும் வழி 2008-இல் மூடப்பட்டது; காயத்துக்கும் உயிரிழப்புக்கும் நிதியம்தான். மனுவைக் கெடுவுக்குள் கொடுத்துவிட்டால், சம்மனுக்கு விபத்து நாளிலிருந்து 5 ஆண்டு. அடையாளம் தெரிந்த வண்டி என்றால் குழந்தைகளுக்கு 18 வயது வரை நாள் ஓடாது. அடையாளம் தெரியாத வண்டி என்றால் யாராக இருந்தாலும் அந்த 2 ஆண்டு ஓடும் என்பதே விதியின் வாசகம். வண்டி நம்பரில் பாதியாவது யாருக்காவது நினைவிருக்கிறதா என்று அன்றைக்கே அக்கம்பக்கத்தில் விசாரிப்பதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டாம். மற்ற வழக்குகளில் குழந்தைகளுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பெற்றோர் தூங்கிவிட்டாலும், பிள்ளைக்கு 19 வயது நிறையும் வரை கெடு முடியாது.

வேலையை விட்டு அனுப்பினால்

இருப்பதிலேயே குறுகிய கெடு இங்கேதான். நியாயமில்லாமல் வேலையிலிருந்து நீக்கினால், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் ஆணையமான சி.சி.எம்.ஏ.விடம் 30 நாளுக்குள் படிவம் போக வேண்டும். பதவி உயர்வு, தண்டனை இடைநீக்கம் போன்ற தகராறுகளுக்கு 90 நாள். பாகுபாட்டுக்கு 6 மாதம். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை. தவறினால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம், ஆனால் ஒவ்வொரு நாள் தாமதத்துக்கும் பதில் சொல்ல வேண்டி வரும்.

ஊரிலிருந்து தோசை மாஸ்டராக வந்த ஒரு தம்பி, விசா முடிந்துவிட்டதால் தனக்கு எந்த உரிமையும் இல்லை என்று நினைத்து மூன்று மாதம் ஒளிந்திருந்தான். செல்லுபடியாகும் அனுமதி இல்லாதவரும் சி.சி.எம்.ஏ.வுக்குப் போகலாம் என்று தொழிலாளர் நீதிமன்றம் 2008-இலேயே டிஸ்கவரி ஹெல்த் வழக்கில் சொல்லியாயிற்று. அவனுக்கு 30 நாள் போயிருந்தது. ஆனால் 5 மாதச் சம்பள பாக்கியும் இருந்ததே, அது வேறு கணக்கு, 3 ஆண்டு. நீக்கியதை எதிர்க்க ஒரு கெடு, சம்பளத்துக்கு இன்னொரு கெடு என்று பிரித்துப் பார்த்ததால் பாதியாவது மிஞ்சியது. உள்ளே மேல்முறையீடு செய்திருந்தால், முதலாளி கடைசியாக முடிவு சொன்ன நாளிலிருந்து 30 நாளை எண்ணலாம். அந்த முடிவை எழுத்தில் வாங்குங்கள்.

குற்ற வழக்கு

20 ஆண்டு என்றேன். கொலை, பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆயுதக் கொள்ளை, ஆள்கடத்தல் வியாபாரம், சித்திரவதை போன்றவற்றுக்கு அந்தக் கெடுவும் இல்லை. எவ்வளவு பழையதானாலும் வழக்குத் தொடரலாம் என்பது வெறும் ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நிறவெறி எதிர்ப்புப் போராளி அகமது திமோல் 1971-இல் ஜொகன்னஸ்பர்க் போலீஸ் கட்டிடத்திலிருந்து விழுந்து இறந்ததைத் தற்கொலை என்றார்கள். 2017-இல் விசாரணை மறுபடி திறக்கப்பட்டு, கொலை என்று முடிவாயிற்று. மறு ஆண்டு முன்னாள் போலீஸ்காரர் ஜோவாவ் ரொட்ரிகெஸ் மேல் கொலை வழக்குப் பதிவானது. 47 ஆண்டு கழித்து வழக்கா என்று அவர் தடை கேட்டார், நீதிமன்றங்கள் மறுத்தன. 2021-இல் விசாரணை தொடங்கும் முன்பே அவர் இறந்துவிட்டார். டர்பனில் போலீஸ் காவலில் 1977-இல் இறந்த பல் மருத்துவர் ஹூசேன் ஹஃபஜீ விஷயத்திலும் தற்கொலை என்ற பழைய முடிவு 2023-இல் தள்ளப்பட்டது. சட்டத்தில் கெடு இல்லாவிட்டாலும் மனிதர் ஆயுளுக்குக் கெடு இருக்கிறது என்பது இரண்டு குடும்பங்களும் அனுபவித்த வேதனை.

சிறு வயதில் நடந்த பாலியல் கொடுமையைப் பற்றி இப்போது பேசலாமா என்று யோசிப்பவர்களுக்கு முக்கியமான மாற்றம் ஒன்று. முன்பு வன்புணர்வுக்குத்தான் கெடு இல்லை, மற்ற பாலியல் குற்றங்களுக்கு 20 ஆண்டு. சிறு வயதில் தங்களுக்கு நடந்ததைச் சொல்லி எட்டுப் பேர் தொடர்ந்த ஃபிராங்கெல் வழக்கில் 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்த வேறுபாட்டைச் செல்லாது என்றது. நாடாளுமன்றம் அதன்படி சட்டத்தைத் திருத்தியது, 2021 தொடக்கத்தில் ஜனாதிபதி கையெழுத்திட்டார். இப்போது எந்தப் பாலியல் குற்றத்துக்கும் வழக்குத் தொடரக் கெடு இல்லை. நஷ்டஈட்டு வழக்கிலும், மனநிலையால் பேச முடியாதிருந்த காலம் கணக்கில் சேராது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும், அவசரப்படுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். தயாரானபோது போகலாம்.

வீடும் நிலமும்

குழப்பம் அதிகம் இங்கே. உங்கள் பெயரில் பத்திரம் இருந்து, வேறொருவர் உட்கார்ந்திருந்தால் 3 ஆண்டைப் பற்றிக் கவலையில்லை. அவர் 30 ஆண்டு வெளிப்படையாகச் சொந்தக்காரர் போலவே இருந்தால்தான் உங்கள் உரிமை போகும். ஆனால் வீட்டுக்குப் பணம் கட்டிவிட்டு, "பத்திரம் அப்புறம் மாத்திக்கலாம்" என்று இருப்பவர்கள் கதை வேறு. பெயர் மாற்றித் தர வேண்டிய கடமை ஒரு கடனாகவே கொள்ளப்படும், அதற்கு 3 ஆண்டுதான்.

டர்பனுக்கு வடக்கே வெருலத்தில் 1985-இல் நகராட்சி ஏலத்தில் விற்ற காலி மனை ஒன்று நீதிமன்றம் வரை போனது. 3 ஆண்டுக்குள் 1 லட்சம் ராண்டுக்குக் குறையாத கட்டிடம் கட்டாவிட்டால் மனையைத் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. வாங்கிய மவுன்ட்ஹேவன் நிறுவனம் கட்டவில்லை. டர்பன் பகுதியின் இத்தேக்வினி நகராட்சி 2014-இல்தான் வழக்குப் போட்டது. திருப்பித் தருவதும் ஒரு கடன்தான், அது எப்போதோ காலாவதியாகிவிட்டது என்று 2018-இல் அரசியலமைப்பு நீதிமன்றம் முடித்துவைத்தது. சம்பளத்துக்கு வக்கீல்களை வைத்திருக்கும் நகராட்சிக்கே இப்படி.

டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து, இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய நிறவெறிக் காலக் குழுப்பகுதிச் சட்டத்தால் பெயர்க்கப்பட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்த குடும்பங்கள் இன்னும் கேட்பதுண்டு, தாத்தாவின் நிலத்துக்கு மனுப்போடலாமா என்று. நிலமீட்புச் சட்டப்படி கெடு 1998 டிசம்பர் 31. 2014-இல் அதை 2019 வரை நீட்டித்தார்கள், மக்களிடம் சரியாகக் கருத்துக் கேட்கவில்லை என்று 2016-இல் நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே செல்லாது என்றது. 1998-க்குள் குடும்பத்தில் யாராவது மனுப்போட்டிருந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கலாம். பெரியப்பா, சித்தப்பா வீடுகளில் பழைய காகிதங்களைத் தேடிப் பாருங்கள். இப்போது குடியிருக்கும் வீட்டைப் பற்றிச் சந்தேகம் என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் யார் பெயர் இருக்கிறது என்று தேடிப் பார்க்கச் சொற்பக் கட்டணம்தான். அந்த நகலையும் பணம் கட்டிய ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு அப்புறம் வக்கீலிடம் போங்கள்.